பாலையிற் குடியேறுமுன்: மிஸாப் பள்ளத்தாக்கு புகட்டும் பாடம்

பாலைவன நகரொன்றிற் குடியேறப் புறப்படுவோர் முதலில் அறிய வேண்டியது யாது? வெயிலைப் பற்றிப் பலர் எச்சரிப்பர். மணற்காற்றைப் பற்றிச் சிலர் கூறுவர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இதே கேள்விக்குத் தம் வாழ்வையே பணயமாக வைத்து விடை கண்ட ஒரு மக்கட் கூட்டம் உண்டு. அல்ஜீரியாவின் மிஸாப் பள்ளத்தாக்கில் வாழும் இபாழி முஸ்லிம்களே அவர்கள். அவர்தம் வரலாற்றை இங்கே சிறிது காண்போம்.

எட்டாம் நூற்றாண்டில், பாரசீக மரபினரான அப்துர் ரஹ்மான் இப்னு ருஸ்தும் என்பார் வட அல்ஜீரியாவில் தாஹர்த் நகரைத் தலைநகராகக் கொண்டு ஓர் இமாமத்தை நிறுவினார். ஸஹாராவைக் கடந்து செல்லும் வணிகத்தால் அந்நகர் செழித்தது. ஹிஜ்ரி 296-ல் (கி.பி. 909) ஃபாத்திமிகளின் கையில் அது வீழ்ந்தது. எஞ்சியோர் தெற்கே பாலைக்கு ஓடி, வர்கலாவுக்கு அருகில் ஸத்ராத்தா என்னும் ஊரை எழுப்பினர். சுதை வேலைப்பாடு மிக்க அழகிய இல்லங்களைக் கொண்டிருந்த அவ்வூர் பின்னர்க் கைவிடப்பட்டு மணலுக்குள் மறைந்தது. அதற்குள் அவர்களின் பார்வை மேலும் வறண்ட ஓரிடத்தின் மீது சென்றிருந்தது. அதுவே மிஸாப்.

அல்ஜியர்ஸ் நகருக்குத் தெற்கே சுமார் 600 கிலோ மீட்டர் தொலைவில், பாறை மேட்டை அறுத்துச் செல்லும் பள்ளத்தாக்கு அது. காட்டாறுகள் பின்னிக் கிடப்பதால் அப்பகுதியை 'ஷப்கா', அதாவது வலை, என அரபுமொழியில் அழைப்பர். பிறர் விரும்பாத நிலமாதலின் பகைவர் தேடி வரமாட்டார் என்பதே அவர்கள் அதைத் தெரிந்தெடுத்ததன் காரணங்களுள் ஒன்று. ஆனால், பகைவருக்கு உதவாத நிலம் குடியேறுவோருக்கு மட்டும் எவ்வாறு உதவும்?

இங்குதான் முதற் பாடம் தொடங்குகிறது. மிஸாப் ஆறு ஆண்டின் பெரும் பகுதி வறண்டே கிடக்கும். சில ஆண்டுகளில் நீரே வராது. வரும்போதோ சில மணி நேரத்திற் பெருக்கெடுத்து ஓடிவிடும். அவர்கள் பாறையைக் குடைந்து ஆழக் கிணறுகள் தோண்டினர். நம் நாட்டுக் கமலையைப் போலவே, தோற்பையைக் கயிற்றிற் கட்டிக் கழுதையையோ ஒட்டகத்தையோ கொண்டு நீர் இறைத்தனர். அத்துடன் நின்றுவிடவில்லை. ஆற்றின் குறுக்கே அணைகள் கட்டி, வெள்ளத்தைத் தேக்கி, அது நிலத்துள் இறங்கிக் கிணறுகளை நிரப்பச் செய்தனர். கர்தாயாவின் பேரீச்சந் தோப்புகளுக்குச் செல்லும் நீரைச் சீப்பின் பற்களைப் போல் நிறுத்திய கற்களின் இடைவெளிகள் பிரித்தளித்தன. ஒவ்வொரு தோட்டத்துக்கும் உரிய மடையின் அகலம் அளந்து வைக்கப்பட்டது. 'உமனாவுஸ் ஸைல்', அதாவது வெள்ளத்தின் அமானிதக்காரர்கள், என்ற பொறுப்பாளர்கள் இந்தப் பங்கீட்டைக் கண்காணித்தனர். நீரை அமானிதமாகக் கருதிய அச்சொல்லின் ஆழத்தை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் பாடம், வீட்டை எங்கே கட்டுவது என்பது. 1012-ஐ ஒட்டி அல்-அத்தூஃப் என்னும் முதல் ஊர் எழுந்தது. பூ நூரா, கர்தாயா, மலீக்கா, பனீ யஸ்ஜன் ஆகியவை தொடர்ந்தன. 1350-க்குள் ஐந்தும் நிறைவுற்றன. ஐந்தும் பாறைக் குன்றுகளின் மீதே அமைந்தன. வண்டல் படிந்த தாழ்நிலம் மரத்துக்கு, பாறை மனிதனுக்கு. விளையும் மண்ணை வீட்டுக்காக வீணாக்காதிருப்பதும், வெள்ளத்தின் வழியில் உறங்காதிருப்பதும் இந்த ஒரே ஏற்பாட்டில் அடங்கின.

குன்றின் உச்சியிற் பள்ளிவாசல். அதன் மினாராவே காவற் கோபுரம். அதற்குள்ளேயே தானியக் களஞ்சியம். பள்ளியைச் சுற்றி வளையம் வளையமாக வீடுகள் சரிந்து இறங்கின. குறுகிய தெருக்கள் ஒன்றுக்கொன்று நிழல் தந்தன. கூரையின் நடுவே கம்பி வலையிட்ட திறப்பொன்றே வீட்டுக்கு ஒளியும் காற்றும் வழங்கிற்று. வாயிலுக்கு நேரே பார்ப்போர் உள்ளே காணாதவாறு நடை வளைந்து சென்றது. செல்வரின் வீடும் எளியவரின் வீடும் வெளித் தோற்றத்தில் வேறுபடாதிருந்தன. அண்டை வீட்டாரின் வெயிலை மறைக்கும் உயரத்துக்கு எவரும் சுவரெழுப்பக் கூடாது என்பது ஊர் மரபு. 'அஸ்ஸாபா' எனப்படும் மார்க்க அறிஞர் அவை இம்மரபுகளைக் காத்தது. கோடையிற் குடும்பங்கள் தோப்பு வீடுகளுக்கு இடம் பெயர்ந்தன.

தோப்பின் விளைச்சல் மட்டும் வயிற்றுக்குப் போதவில்லை. ஆகவே ஆடவர் வடக்கே உள்ள நகரங்களுக்குச் சென்று கடை வைத்துப் பொருளீட்டினர். பெண்கள் ஊரில் இல்லம் காத்தனர். கணவர் கடல் கடந்து செல்ல, வீட்டைத் தாங்கி நிற்கும் பெண்மணிகளை அறிந்த நம் குடும்பங்களுக்கு இவ்வாழ்வு அந்நியமானதன்று.

1982-ல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ அமைப்பு இப்பள்ளத்தாக்கை உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. ஆயினும் அதே காலத்தில் மக்கள் பெருகினர். ஆழ்துளைக் கிணறுகளும் மின் பொறிகளும் வந்தன. குழாயில் நீர் வந்ததும் ஆற்றின் நினைவு மங்கியது. தோப்புகளிலும், ஆற்றின் போக்கிலுங்கூட, வீடுகள் முளைத்தன. 2008 அக்டோபர் 1 அன்று, ஈதுல் ஃபித்ர் மகிழ்ச்சி அடங்கும் முன்னரே, ஆறு தன் பழைய வழியே திரும்பி வந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தாழ்நில வீடுகள் பல இடிந்தன. முன்னோர் பாறை மேல் கட்டியதன் பொருளை அந்த ஒரு நாள் விளக்கிற்று.

அப்பொருளை மறவாதவர்களும் இருந்தனர். 1997-ல் பனீ யஸ்ஜனுக்கு அருகே, வெற்றுக் கற்குன்றின் மீது, தாஃபிலல்த் என்னும் புதிய குடியிருப்பைத் தொடங்கினர். பழைய ஊர்களின் குறுந்தெருக்களையும் நிழலையும் புதுக் கால வசதிகளோடு இணைத்தனர். குடியேறுவோர் மரம் நடுதலும் பேணுதலும் அங்கே கடமையாக்கப்பட்டன.

பாலை நாடுகளுக்குப் பயணப்படும் நம் மக்களுள் பெரும்பாலோர் ஊதியத்தையும் தங்குமிடத்தையும் விசாரிக்கின்றனர். அவை வேண்டியவையே. அவற்றோடு மேலும் மூன்றை விசாரித்தல் நலம்: குடிக்கும் நீர் எங்கிருந்து வருகிறது? மழை பெய்தால் அந்த நீர் எவ்வழியே ஓடும்? அண்டை அயலாருக்கு நாம் செலுத்த வேண்டிய கடமை யாது? இம்மூன்றுக்கும் விடை அறிந்தவருக்குப் பாலையும் ஊராகும் என்பதற்கு மிஸாபின் ஆயிரம் ஆண்டுகளே சான்று.