தசையும் தாஸ்யமும்

‘நல்ல தசை நடக்கிறது’, ‘தசை மாறிற்று’ என்பன வாழ்வின் ஏற்றத்தாழ்வைச் சுட்டி நாம் நாளும் கேட்கும் பேச்சுகள். ‘தசா’ என்னும் வடசொல்லுக்கு ஆடையின் கரைநூல், விளக்கின் திரி, நிலை, பருவம் எனப் பல பொருள்கள் உண்டு. சோதிடர் மனித ஆயுளை 120 ஆண்டாகக் கொண்டு ஒன்பது கிரகங்களுக்குப் பகுப்பர். அதில் சுக்கிரனுக்கு 20, சனிக்கு 19. ‘சுக்கிர தசை அடித்தது’ என்னும் உலகவழக்கு இக்கணக்கினின்று எழுந்ததே. காளிதாஸன் மேகஸந்தேசத்தில் தசையின் போக்கைச் சக்கரத்தின் விளிம்புக்கு ஒப்பிட்டான். மேலது கீழாம், கீழது மேலாம் என்பது கருத்து.

இதற்குச் சான்று தேடுவார் இரணியலைக் காணலாம். வேணாட்டரசர் வீற்றிருந்த அரண்மனை அங்குண்டு. அதன் வசந்த மண்டபத்துக் கற்கட்டிலிலிருந்தே சேரமான் பெருமாள் மறைந்தார் என்பது ஊரார் கூறும் ஐதிஹ்யம். அரசிருக்கை பத்மநாபபுரத்தில் நிலைபெற்றபின் இரணியல் அரண்மனை பொலிவிழந்து, நெடுங்காலம் பாழ்பட்டுக் கிடந்தது. 1741-இல் அருகிலுள்ள குளச்சலில் மார்த்தாண்டவர்மர் ஒல்லாந்தரை வென்றார். அப்போரில் சிறைப்பட்ட டிலனாய் பின்பு அவருக்கே படைத்தலைவரானார். அரசிருக்கை பாழாயிற்று, சிறையாளி சேனாபதியானார். இரண்டும் தசையின் விளையாட்டே.

ஆனால் பூர்வாசார்யர்கள் இச்சொல்லை ஆண்ட முறை வேறு. ‘ஸாதந தசை’, ‘பல தசை’, ‘ஸம்ஸார தசை’ என்று வ்யாக்யானங்களில் வருமிடங்களில் அது ஆத்மாவின் நிலைபேதத்தையே சொல்லும், கிரகபலத்தை அன்று. நிலைகள் பலவாயினும் ஸ்வரூபமாகிய சேஷத்வம் ஒன்றே. மணிப்ரவாளம் பயில்வார் இவ்விரு வழக்கையும் மயக்கலாகாது. மயங்கினால், பகவானுக்கு அடிமையாயிருத்தலும் கிரகத்தால் வந்து போகும் பேறு என்று கொள்ள நேரும். திருவாய்மொழியின் ‘ஒருநாயகம்’ பதிகம் (4-1) ஐச்வர்யத்தின் நிலையாமையைக் காட்டித் திருவடியே புருஷார்த்தம் என்று அறுதியிடுவதும் இதனாலேயே.

இதனை வேணாட்டு வரலாறும் உறுதி செய்கிறது. திருவேங்கடமுடையான் ஸந்நிதியில் படியாய்க் கிடக்க வேண்டியவர் சேரர் குலத்துக் குலசேகராழ்வார். குலசேகரப் பெருமாள் என்னும் பட்டம் பூண்ட மார்த்தாண்டவர்மர், 1750-இல் திருவனந்தபுரத்தில் நாட்டையே ஸ்ரீபத்மநாபனுக்குத் திருப்படித்தானமாக ஸமர்ப்பித்துப் ‘பத்மநாபதாஸர்’ ஆனார். வென்று விரித்த நாட்டைத் தமது என்னாமல், அவன் உடைமை என்று உணர்ந்து ஆண்டார்.

1949-இல் திருவிதாங்கூர் கொச்சியோடு இணைந்தது. 1956 நவம்பர் 1-இல் இரணியலை உள்ளிட்ட கல்குளம் வட்டம் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. 1971-இல் மன்னர் மானியமும் ஒழிந்தது. முடியும் நாடும் மானியமும் நீங்கிய பின்னும் அக்குலத்தின் தலைவருக்குப் பத்மநாபதாஸர் என்னும் பெயர் வழங்கி வருகிறது. தசையால் வந்தவை தசையோடே சென்றன; தாஸ்யம் தசையால் வந்ததன்று, ஆதலின் நின்றது.