வீ மியூசிக்

வீ மியூசிக் என்பது சப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் தனது வீ ஆட்டக் கருவிக்காக 2008 ஆம் ஆண்டில் வெளியிட்ட இசை நிகழ்பட ஆட்டம் ஆகும். கையில் பிடித்திருக்கும் கட்டுப்பாட்டுக் கருவியை அசைத்து, இசைக்கருவி வாசிப்பது போன்ற பாவனையைச் செய்வதே இதன் ஆட்டமுறை. ஒரே நேரத்தில் நால்வர் வரை சேர்ந்து வாசிக்கலாம். இதன் முதன்மைப் பகுதியில் புள்ளிகளோ தோல்வியோ கிடையாது. இசை பயிலாத குடும்பத்தினரும் கூடி வாசிக்க வழிசெய்த இவ்வியல்பே, இவ்வாட்டத்தின் தனித்தன்மையாகவும் இதன் மீதான விமர்சனங்களுக்குக் காரணமாகவும் அமைந்தது.

வரலாறு

வீ ஆட்டக் கருவி 2006 நவம்பரில் வட அமெரிக்காவிலும், திசம்பரில் சப்பானிலும் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்பே, 2006 மே மாதம் லாசு ஏஞ்சலசில் நடந்த ஈ3 கண்காட்சியில், மாரியோ ஆட்டங்களை உருவாக்கிய சிகேரு மியாமோட்டோ, வீயின் கட்டுப்பாட்டுக் கருவியைக் கோலாகப் பிடித்துத் திரையில் தோன்றிய சேர்ந்திசைக் குழுவை வழிநடத்திக் காட்டினார். இதுவே வீ மியூசிக்கின் முன்னோடியாகும்.

2008 சூலை மாதக் கண்காட்சியில் இவ்வாட்டம் விரிவாக அறிமுகப்படுத்தப்பட்டது. இந்திய வம்சாவளியினரான அமெரிக்க மேளக் கலைஞர் ரவி டிரம்சு, மேடையில் மேளமின்றியே மேள இசையை எழுப்பிக் காட்டினார். ஆட்டம் 2008 அக்டோபர் 16 அன்று சப்பானிலும், அக்டோபர் 20 அன்று வட அமெரிக்காவிலும், நவம்பர் 14 அன்று ஐரோப்பாவிலும் வெளியானது.

இயங்கும் விதம்

வீயின் கட்டுப்பாட்டுக் கருவிக்குள் மூன்று அச்சுகளில் இயக்கத்தை அளக்கும் முடுக்கமானி உள்ளது. கை எவ்வளவு வேகமாக அசைகிறது, கருவி எப்பக்கம் சாய்ந்துள்ளது ஆகிய விவரங்கள் புளூடூத் வழியாக ஆட்டக் கருவியைச் சென்றடைகின்றன. பல இசைக்கருவிகளை வாசிக்க நன்ச்சக் எனப்படும் துணைக் கருவியும் மற்றொரு கையில் தேவைப்படும்.

வாசிப்பு முறைகள் முதன்மையாக நான்கு வகைப்படும்:

பியானோ முறை: இரு கைகளையும் மேளம் தட்டுவது போல் மாறி மாறி அசைத்தல்.
கிட்டார் முறை: கம்பியை மீட்டுவது போல் அசைத்தல்.
வயலின் முறை: வில்லை இழுப்பது போல் அசைத்தல்.
எக்காள முறை: கருவியை வாயருகே பிடித்துப் பொத்தான்களை அழுத்துதல். கருவியை உயர்த்துவதும் தாழ்த்துவதும் ஒலியின் அளவை மாற்றும்.

எந்தச் சுரம் ஒலிக்க வேண்டும் என்பதை ஆட்டமே முடிவு செய்கிறது. எப்போது ஒலிக்க வேண்டும் என்பது மட்டுமே ஆடுபவரின் கையில் உள்ளது. இடையில் கூடுதலாக அசைத்தாலும் பாடலுக்குப் பொருந்தும் சுரமே எழும். எனவே அபசுரம் ஏறக்குறைய நேர்வதில்லை. தாளம் மட்டுமே தவறக்கூடும். பசனையில் பாடத் தெரியாதவரும் சிங்கி தட்டிக் கலந்துகொள்வதை இதற்கு ஒப்பிடலாம்.

கருவிகளும் பகுதிகளும்

ஆட்டத்தில் 60க்கும் மேற்பட்ட கருவிகள் உள்ளன. பியானோ, வயலின் ஆகியவற்றுடன் இந்தியாவின் சித்தார், சப்பானின் சாமிசென் ஆகியனவும் இடம்பெறுகின்றன. நாய் வேடமிட்டுக் குரைப்பதும் ஒரு கருவியாகச் சேர்க்கப்பட்டுள்ளது.

ஒவ்வொரு பாடலும் மெட்டு, துணைமெட்டு, சுரக்கூட்டு, அடிநாதம், இரு தாளப் பகுதிகள் என ஆறாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஆளில்லாத பகுதிகளைக் கணினிக் கலைஞர்கள் வாசிப்பர். ஒருவரே ஒவ்வொரு பகுதியாக வாசித்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவு செய்யவும் இயலும். வாசித்தவற்றைக் காணொளியாகச் சேமித்து மீண்டும் பார்க்கலாம்.

இவை தவிர, புள்ளிகள் வழங்கும் சிறு ஆட்டங்களும் உண்டு. ஒன்றில் சேர்ந்திசைக் குழுவை வழிநடத்த வேண்டும். மற்றொன்றில் உரிய நேரத்தில் கைமணிகளை ஒலிக்க வேண்டும். மூன்றாவது, சுரங்களைக் கேட்டு அடையாளம் காணும் செவிப்பயிற்சி ஆகும். வீ ஃபிட் ஆட்டத்துடன் வந்த சமநிலைப் பலகையைக் காலடியில் வைத்து, மிதிகளுடன் கூடிய முழு மேளத் தொகுதியையும் வாசிக்கலாம்.

வரவேற்பு

அக்காலத்தில் கிட்டார் ஈரோ (2005), ராக் பேண்டு (2007) ஆகியவை பெரும் புகழ் பெற்றிருந்தன. அவற்றில் திரையில் வரும் குறிகளைத் தவறாமல் பின்பற்ற வேண்டும். பிழைகள் மிகுந்தால் பாடல் பாதியிலேயே நின்றுவிடும். அவற்றுக்குப் பழகியவர்களுக்கு, வெற்றி தோல்வியற்ற வீ மியூசிக் நோக்கமற்றதாகத் தோன்றியது. பாடல்கள் சுமார் ஐம்பது மட்டுமே என்பதும், அவற்றுள் பல குழந்தைப் பாடல்களும் மரபு இசைத் துண்டுகளும் என்பதும் குறையாகக் கூறப்பட்டன. இதை விளையாட்டுப் பொருள் என்று சொல்லலாம் என ஒப்புக்கொண்ட மியாமோட்டோ, அதனாலேயே இது நிகழ்பட ஆட்டத்தைவிடச் சுவையானது என்று வாதிட்டார்.

இவ்விரு கருத்துகளும் வெவ்வேறு சூழல்களை மனத்தில் கொண்டவை. போட்டி ஆட்டத்தில் பழகிய சிறுவனுடன் அவனது பாட்டி சேர்ந்து ஆடினால், பாட்டி விரைவில் தோற்று ஒதுங்க நேரும். வீ மியூசிக்கில் இருவரும் பாடல் முடியும்வரை வாசிக்கலாம். ஆனால் தனியே ஆடுபவருக்கு, திறமை வளர்ந்ததா என்பதை அளந்து காட்டும் வழி இதில் குறைவு.

இவ்வாட்டம் 20 இலட்சத்திற்கும் மேற்பட்ட படிகள் விற்றது. எனினும், 10 கோடிக்கும் மேல் விற்ற ஓர் ஆட்டக் கருவிக்கு இது எதிர்பார்ப்பிற்குக் குறைவானதாகவே கருதப்பட்டது. 2009 இல் யூபிசாஃப்ட் நிறுவனம் வெளியிட்ட சசுட்டு டான்சு, அசைவுடன் நடனத்தையும் புள்ளிகளையும் இணைத்து, குடும்பங்களிடையே பெரும் வரவேற்பைப் பெற்றது.