பெயர் மாறியது, பழி மாறியதா?

சிங்கையில் மனநோயாளரைச் சிறையில் அடைத்து வைத்த காலம் ஒன்று உண்டு. அங்கே அவர்களுள் ஒருவர் மற்றொருவரைக் கொன்ற பின்னரே, 1841-இல் அவர்களுக்கெனத் தனி மருத்துவமனை எழுந்தது. 1862-இல் அது நம் தேக்காவை அடுத்த கண்டாங் கெர்பாவ் வட்டாரத்திற்கும், 1887-இல் சிப்பாய் லைன்சுக்கும், 1928-இல் இயோ சூ காங் சாலைக்கும் பெயர்ந்தது. இடங்கள் மாறினவேயன்றி, நெடுங்காலம் காவலே பணியாக நின்றது.

பழியைப் போக்க 1951-இல் அதற்கு ‘உட்பிரிட்ஜ்’ எனப் பெயர் சூட்டினர். நாளடைவில் அப்பெயரே ஏச்சுச் சொல்லாயிற்று! பெயர் மாற்றத்தால் மட்டும் பழி நீங்காது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மறு ஆண்டே, 1952-இல், அமெரிக்கத் தாதி ஹில்டகார்ட் பெப்லாவ் வெளியிட்ட நூல் வேறொரு வழியைக் காட்டியது. தாதிக்கும் நோயாளிக்கும் இடையே வளரும் உறவே நோய் தீர்க்கும் ஆற்றலுடையது என்றார் அவர். அவ்வுறவுக்கு முதற்படி, செவி கொடுத்தல். பன்மொழி வழங்கும் இந்நகரில் அதற்கு மொழியும் வேண்டும். தமிழன்றி வேறறியாத முதியவர் அருகில் அமர்ந்து, “சாப்பிட்டீங்களா ஐயா?” எனக் கேட்டு, விடைக்குக் காத்திருக்கும் தாதி அவரை மீண்டும் மனிதராக மதிக்கிறார்.

1993-இல் மருத்துவமனை புவாங்கோக் சென்றது. பழியை நீக்கும் கடமையோ நம் இல்லங்களிலேயே தங்கியுள்ளது.