பள்ளிக்கூடம் எப்படி, அண்ணாச்சி?

எங்கள் ஊருக்கு மாற்றலாகி வருகிறவர்கள் முதலில் வீடு பார்ப்பார்கள், அடுத்து என் கடைக்கு வருவார்கள். பேங்க் மேனேஜர், போலீஸ்காரர், மாட்டு டாக்டர் யாராக இருந்தாலும் ஒரு ரீஃபில் வாங்கிக்கொண்டு, சில்லறையை எண்ணுகிற சாக்கில் எதிர்ப்பக்கம் தலையை ஆட்டிக் கேட்பார்கள். "பள்ளிக்கூடம் எப்படி, அண்ணாச்சி?"

எதிர்ப்பக்கம் இருப்பது அரசுப் பள்ளி. ஊருக்குள் அதன் பெயர் 'பெரிய பள்ளிக்கூடம்'. கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல் காட்டில் இருக்கிறது எங்கள் ஊர். நோட்டு, பேனா, கோனார் உரை விற்கிற இந்தக் கடையை என் அப்பா 1951-இல் வைத்தார். அவருக்குப் பிறகு நான். எழுபது வருடமாக அதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். எங்கள் பதில்தான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

அப்பா காலத்தில் இப்படிக் கேட்க யாருக்கும் வாய் வராது. அப்போது அது ஜில்லா போர்டு ஹைஸ்கூல். சுற்று வட்டாரத்தில் வேறு ஹைஸ்கூல் கிடையாது. மழைக்காலத்தில் கரிசல் மண் காலில் அப்பிக்கொள்ள, செருப்பில்லாமல் நாலைந்து மைல் நடந்து பையன்கள் வருவார்கள். எங்கள் கடை வாசலில் ஒரு வாளித் தண்ணீர் வைத்திருப்போம், காலைக் கழுவிவிட்டு உள்ளே போக. சம்பளம் கட்டிப் படித்த காலம் அது. கோர்ட்டைப் பற்றியும் கச்சேரியைப் பற்றியும் யாராவது நல்லது கெட்டது சொல்வார்களா? பள்ளிக்கூடமும் அப்படித்தான் இருந்தது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவனுக்கு அட்டை போட்ட ஒரு புத்தகம் கொடுப்பார்கள், மார்க்கெல்லாம் அதில் இருக்கும். அதை வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் வைப்பார்கள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைப் பற்றி முதல் அபிப்பிராயம் பிறந்தது 1953-இல். ராஜாஜி முதல்வராக இருந்தபோது, கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் பாதி நேரம் பாடம், மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்று ஒரு திட்டம் வந்தது. குலக்கல்வி என்று அதற்குப் பெயர் விழுந்துவிட்டது. என் மூத்த அண்ணன் அப்போது ஒண்ணாப்பு. தாத்தா பனையேறி. அப்பா ஊர்ச்சாவடியில் உட்கார்ந்து கேட்டாராம்: "எங்கப்பன் பனையேறினாரு. நான் இறங்கி வந்து கடை வச்சேன். எம் மவன மறுபடி ஏறச் சொல்றியா?" அஞ்சாப்புக்கு மேல் படிக்காத மனுசன் அவர். மறு வருடம் காமராசர் முதல்வரானார், திட்டம் போயிற்று.

அதற்குப் பிறகு வந்த பத்து வருடத்தைப் போல எங்கள் ஊர் பள்ளிக்கூடத்தைச் சொந்தமாக நினைத்த காலம் வேறில்லை. 1956-இல் பக்கத்து எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. கல்வித் துறை இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு அதற்கு முன்னின்றார். இந்தப் பள்ளிக்கு இன்னின்ன வேண்டும் என்று பட்டியல் எழுதி ஊரைக் கூட்டுவார்கள். பெஞ்சு ஒருத்தர் தருவார், சுவர்க் கடிகாரம் இன்னொருத்தர், தவலை ஒருத்தர். நிலமே எழுதிக் கொடுத்தவர்களும் உண்டு. எங்கள் ஊர்க் கூட்டத்தில் அப்பா ஒரு பூகோள உருண்டை கொடுத்தார். அதில் இந்தியா எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஆனாலும் சாகும்வரை "நம்ம உருண்டை" என்றுதான் சொன்னார். யாராவது பள்ளிக்கூடத்தைக் குறை சொன்னால், தன் வீட்டுப் பெண்ணைக் குறை சொன்ன மாதிரி முகம் சிவப்பார்.

நான் 1968-இல் ஆறாம் வகுப்பு சேர்ந்தேன். அந்த ஜனவரியில்தான் அண்ணா சட்டமன்றத்தில் இருமொழித் தீர்மானம் கொண்டுவந்தார். எனக்கு முந்தின செட்டுக்கு இந்தி உண்டு, எங்களுக்கு இல்லை. கடையில் விற்காமல் தங்கிப்போன இந்தி காப்பி நோட்டுகளைக் கிழித்துத்தான் அம்மா ஒரு வருடம் நிலக்கடலை மடித்தாள்.

வகுப்பில் சேர்ந்தபோது நாங்கள் நிறையப் பேர். பதினொன்றாம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி. எழுதும்போது பாதிக்கும் மேல் காணாமல் போயிருந்தார்கள். எங்கே போனார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். தீப்பெட்டி ஆபீஸ். எங்கள் பக்கத்தில் ஆபீஸ் என்றால் தாலுகா ஆபீஸ் இல்லை, தீப்பெட்டி ஆபீஸ்தான். விடியும் முன்னே ஆபீஸ் பஸ் ஊருக்குள் வந்து ஹாரன் அடிக்கும். தூக்குவாளியும் தூக்கக் கலக்கமுமாகப் பிள்ளைகள் ஏறும், பொம்பளைப் பிள்ளைகள்தான் அதிகம். பள்ளிக்கூட மணிக்கு முன்னால் அந்த ஹாரன் அடித்தது. எங்கள் ஊர்க் கல்வி வரலாற்றை அதிலிருந்துதான் எழுதவேண்டும்.

என் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருத்தனின் அம்மா கடைக்கு வந்து, அவனுடைய பாதி எழுதின நோட்டைக் காட்டி, "மிச்சத் தாளுக்குக் காசு தருவீகளா அண்ணாச்சி?" என்று அப்பாவிடம் கேட்டது நினைவிருக்கிறது. "பள்ளிக்கூடம் நல்லாத்தான் இருக்கு. யாரு இல்லேன்னா? கட்டை அடுக்கினா சனிக்கிழமை கைல காசு. பள்ளிக்கூடத்துல சனிக்கிழமை லீவுல்லா?" அந்த அம்மாவுக்குப் பள்ளியின் மேல் ஒரு குறையும் கிடையாது, சனிக்கிழமைதான் குறை. அப்பா அந்த நோட்டுக்கு முழு விலை கொடுத்தார். கடையின் பற்று நோட்டில் முக்கால்வாசிக் கணக்கும் சனிக்கிழமைதான் தீரும்.

1978-இல் பி.யூ.சி. போய் பிளஸ் ஒன், பிளஸ் டூ வந்தது. எங்கள் பள்ளியைத் தரம் உயர்த்த ஊர்ப் பங்காகப் பணம் கட்டவேண்டியிருந்தது. வீட்டு வரி மாதிரி வசூலித்தோம். 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கினார், சீக்கிரமே அது பத்தாம் வகுப்புப் பிள்ளைகள்வரை வந்தது. பஸ் ஏறின பிள்ளைகளில் சிலதாவது திரும்பி வந்தன. அந்தச் சமயத்தில்தான் ஊருக்குள் ஒரு புதுப் பெயரும் கேட்க ஆரம்பித்தது: சோத்துப் பள்ளிக்கூடம்.

அப்படிச் சொன்னது யார் என்று யோசித்துப் பார்க்கிறேன். தன் பிள்ளையை அங்கே அனுப்பியவர்கள் சொல்லவில்லை. அதே வாசலில் படித்து, அந்த எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தால் வேலைக்குப் போய், காரை வீடு கட்டினவர்கள்தான் சொன்னார்கள். எல்லாரும் நுழைய முடிந்ததும் அந்த வாசலுக்கு மவுசு போயிற்று. பெஞ்சும் கரும்பலகையும் அப்படியேதான் இருந்தன. பக்கத்தில் உட்காருகிற பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை என்பதுதான் மாறியிருந்தது. இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "கண்டிப்பு இல்ல", "இங்கிலீஷ் வராது" என்பார்கள். அதெல்லாம் பொய்யென்றும் சொல்லமாட்டேன். ஆனால் அடியில் கிடந்தது இதுதான்.

ஊரைச் சொல்கிறேனே, நான் என்ன செய்தேன்? 1989-இல் என் மகனை மஞ்சள் பஸ்ஸில் ஏற்றி, பதினைந்து கிலோமீட்டர் தள்ளி ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளிக்கு அனுப்பினேன். டை, பெல்ட், ஷூ. பஸ் என் கடை வாசலில்தான் நிற்கும். எதிரே பெரிய பள்ளிக்கூடத்தில் பிரேயர் நடக்கும்போது என் மகன் அதற்கு முதுகைக் காட்டி நிற்பான். அப்பா அப்போது உயிரோடு இருந்தார். கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரே ஒரு நாள் சொன்னார்: "யாவாரம் எதுத்தாப்புல. புள்ள மட்டும் தூரத்துலயோ?"

மாற்றலாகி வந்தவர்கள் கேட்டபோது அந்தக் காலத்தில் நான் சொன்ன பதில் இதுதான்: "உங்க புள்ளைக்கு ஒத்து வராது சார். பஸ்ல ஏத்தி விட்டுருங்க." ஒரு நாள் எதிரே இருந்து ஓர் ஆசிரியர் சாக்பீஸ் கையோடு வந்து, "அண்ணாச்சி, உங்க வாயிலயே எங்க அட்மிஷன் பாதி போகுது" என்றார். சிரித்து மழுப்பினேன். "உங்க பிள்ளை எங்க சார் படிக்குது?" என்று கேட்டதும் அவரும் சிரித்தார். அவர் பிள்ளையும் மஞ்சள் பஸ்தான்.

பள்ளிக்கூடம் எப்படி என்பதைப் பெற்றவர்களைவிடப் பிள்ளைகள்தான் சரியாகச் சொல்லும். பெற்றவர்கள் வெளியே நின்று பஸ், பெல்ட், ரிசல்ட் இவற்றைப் பார்ப்பார்கள். பிள்ளைகள் கடைக்கு வந்து பேனாவைக் கிறுக்கிப் பார்த்துக்கொண்டே பேசும். கணக்கு சார் நடத்தினால் மண்டைக்குள் ஏறிவிடும், அறிவியலுக்கு ஆளே இல்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை. அவை சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். எந்தப் பாடத்துக்கு நோட்ஸ் வழக்கத்தைவிட அதிகம் போகிறதோ, அந்தப் பாடத்துக்கு உள்ளே வாத்தியார் இல்லை என்று அர்த்தம். ஒரு வருடம் வேதியியல் நோட்ஸ் மூன்று தடவை கொள்முதல் செய்தேன். கடைசியில் பெற்றோர் ஆசிரியர் கழகம் காசு போட்டு ஒரு பையனை வைத்தது. பி.டி.ஏ. வாத்தியார் என்போம். அரசு வாத்தியாருக்குக் கிடைக்கிற சம்பளத்தில் ஒரு துண்டுகூட அவனுக்குக் கிடையாது. ஆனால் அந்த வருடத்துப் பிள்ளைகள் இன்றைக்கும் கேட்பது அவனைத்தான்.

மஞ்சள் பஸ் பள்ளிகளின் ரகசியமும் கடைக்கு வந்துவிடும். அந்தப் பிள்ளைகள் பிளஸ் டூ நோட்ஸ் வாங்கும், பிளஸ் ஒன் நோட்ஸ் வாங்கவே வாங்காது. ஏனென்றால் அங்கே அப்போது பிளஸ் ஒன் பாடமே நடந்ததில்லை. இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போடுவார்கள். 2018-இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்ததும் அந்த நோட்ஸ் திடீரென்று விற்க ஆரம்பித்தது. அதற்கு முந்தின வருடம்தான் முதல் மூன்று இடம் பிடித்தவர்களை அறிவிக்கிற வழக்கத்தை அரசு நிறுத்தியிருந்தது. மாநில முதல் மாணவரின் போட்டோ போட்ட பேப்பருக்கு என் கடையில் அடிதடி நடந்ததெல்லாம் அத்தோடு முடிந்தது.

ஆனால் ஊர்ப் பேச்சு முதலில் அசைந்தது 2011-இல். சமச்சீர் கல்வி வழக்கு நடந்த அந்தக் கோடையில் பள்ளி திறந்தும் புத்தகம் வரவில்லை. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் கைக்கு வந்தது. அட்டை போடப் பழுப்புத் தாள் வாங்க இரண்டு அம்மாக்கள் ஒரே நேரத்தில் கடைக்கு வந்தார்கள். ஒருத்தி தீப்பெட்டி ஆபீஸ், இன்னொருத்தி மஞ்சள் பஸ். இரண்டு பேர் புத்தகத்திலும் ஒரே பாடம். மஞ்சள் பஸ் அம்மா புரட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப நான் எதுக்கு பீஸ் கட்டுதேன்?" என்றாள். மற்றவள் சிரித்தாள். "பஸ்சுக்கு கட்டுறீக மதினி."

2020-இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் ஏழரை சதவீத ஒதுக்கீடு வந்தபோது, சோத்துப் பள்ளிக்கூடம் என்றவர்களே கடைக்கு வந்து விசாரித்தார்கள். "ஆறாப்புலேர்ந்து அங்கயே படிச்சிருக்கணுமாமே, அண்ணாச்சி?" ஆமாம், ஆறிலிருந்து பன்னிரண்டு வரை. இத்தனை வருடத்தில் அந்தப் பள்ளியில் தன் பிள்ளை படிக்கவில்லையே என்று ஒருவர் வருத்தப்பட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கொரோனாவில் என் மகனுக்கு வேலை போனது. 2021-இல் பேத்தியை ஒன்பதாம் வகுப்புக்குப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். அந்த வருடம் எங்கள் ஊரில் மட்டுமில்லை, மாநிலம் முழுக்கப் பிள்ளைகள் தனியாரிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தார்கள். ஒன்பதில் வந்ததால் அவளுக்கு ஏழரை சதவீதமும் கிடையாது, அடுத்த வருடம் அறிவித்த புதுமைப் பெண் ஆயிரம் ரூபாயும் கிடையாது. டி.சி.யோடு தலைமையாசிரியர் அறைக்குப் போனது நான்தான். ரோட்டின் அகலம் முப்பதடி இருக்குமா? எஸ்.எஸ்.எல்.சி. முடித்து வெளியே வந்த பிறகு அதைத் தாண்டி உள்ளே போனது அன்றைக்குத்தான்.

முதல் வாரம் பேத்தி ஒன்றும் பேசவில்லை. இரண்டாவது வாரம், "கணக்கு டீச்சர் சூப்பர் தாத்தா. எனக்குப் புரியலன்னு சொன்னா கோபப்பட மாட்டேங்காக" என்றாள். மூன்றாவது வாரம் அவள் காலையில் தண்ணீர் குடிக்காமல் கிளம்புவதை மருமகள் கண்டுபிடித்தாள். கேட்டதற்கு, "பாத்ரூம் போகணும்ல" என்று முடித்துக்கொண்டாள். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லையாம். நாற்பது வருடமாக எதிரே உட்கார்ந்து அந்தப் பள்ளியைப் பற்றி எத்தனையோ பேருக்கு எத்தனையோ சொல்லியிருக்கிறேன். தாழ்ப்பாள் இல்லாதது எனக்குத் தெரியாது.

2022-இல் பள்ளி மேலாண்மைக் குழுவைப் புதிதாக அமைக்கக் கூட்டம் போட்டார்கள். உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்கவேண்டும், பாதிப் பேர் பெண்கள். பேசவேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்துவிட்டுப் போனேன். ஆனால் எனக்கு முன்னால் ஆபீஸ் பஸ்ஸை விட்டு அப்படியே வந்திருந்த ஓர் அம்மா எழுந்து, "எல்லாத்தையும் அப்புறம் பேசலாம். மொத கக்கூசுக்கு தாப்பா போடுங்க. நான் இங்க படிக்கும்போதே இல்ல, இப்ப எம் மவளும் படிக்கா" என்றாள். அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. தச்சருக்கு ஆகிற கூலியைக் கடைக் கணக்கில் எழுதிக்கொள்ளச் சொன்னேன். அப்பா உருண்டை கொடுத்தார், எனக்குக் கொடுக்க வாய்த்தது நாலு தாழ்ப்பாள்.

போன மாதம் பேங்குக்குப் புதிதாக வந்த ஒரு பெண் கேட்டார். "ஸ்கூல் எப்படி, அண்ணாச்சி?"

"உங்க புள்ளை எத்தனாவதும்மா?"

"ஆறாவது."

"கணக்கும் தமிழும் நல்லா நடக்குது. அறிவியலுக்கு இந்த வருசம் ஆள் இல்ல, கேட்டுக்கிட்டிருக்கோம்" என்றேன்.

அவர் ரீஃபிலை வாங்கிக்கொண்டு போய்விட்டார். 'கேட்டுக்கிட்டிருக்காங்க' என்று சொல்லாமல் 'கேட்டுக்கிட்டிருக்கோம்' என்று சொல்லியிருக்கிறேன் என்பது சில்லறையைக் கல்லாவில் போடும்போதுதான் எனக்கே உறைத்தது.