டவர் டிஃபென்ஸ் விளையாட்டு வளர்ந்த கதை

செல்பேசியில் விளையாடுபவர்களில் பலருக்கும் டவர் டிஃபென்ஸ் என்ற விளையாட்டு வகை தெரிந்திருக்கும். எதிரிகள் ஒரு பக்கத்திலிருந்து அணி அணியாக வருவார்கள். அவர்கள் மறுபக்கம் போய்ச் சேர்வதற்குள் கோபுரங்களைக் கட்டி வீழ்த்த வேண்டும். ஒவ்வோர் எதிரி விழும்போதும் கொஞ்சம் காசு கிடைக்கும். அந்தக் காசில் இன்னொரு கோபுரம் கட்டலாம், அல்லது இருப்பதைப் பலப்படுத்தலாம். ஆட்டம் இவ்வளவுதான்.

ஆனால் இதை உருவாக்குவது அத்தனை சுலபமல்ல. எதிரியின் பலம், கோபுரத்தின் விலை, கையில் இருக்கும் காசு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தி வர வேண்டும். யோசித்து ஆடுபவர் ஜெயிக்க வேண்டும், யோசிக்காமல் ஆடுபவர் தோற்க வேண்டும். இந்த நியாயம்தான் இந்த விளையாட்டின் உயிர்.

ரசிகர்கள் போட்ட விதை

1990-ல் அடாரி கேம்ஸ் நிறுவனம் 'ராம்பார்ட்' என்ற விளையாட்டை வெளியிட்டது. காசு போட்டு ஆடும் இயந்திரங்களுக்காக வந்த அதில் கோட்டைச் சுவர் கட்டி, பீரங்கி வைத்து, சண்டை முடிந்ததும் உடைந்த சுவரை நேரத்துக்குள் அடைக்க வேண்டும். இந்த வகைக்கு முன்னோடியாக அதைத்தான் சொல்வார்கள்.

இன்றைய வடிவத்தைக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் ரசிகர்களே. பிளிஸார்ட் நிறுவனம் 1998-ல் வெளியிட்ட 'ஸ்டார்கிராஃப்ட்', 2002-ல் வெளியிட்ட 'வார்கிராஃப்ட் 3' ஆகியவற்றில் ஆடுபவர்களே புதிய களங்களை வடிவமைக்கும் வசதி இருந்தது. அதைக் கொண்டு கோபுரம் கட்டும் ஆட்டங்களை ரசிகர்கள் உருவாக்கி, இலவசமாகப் பகிர்ந்துகொண்டார்கள்.

2007 ஜனவரியில் டேவிட் ஸ்காட் உருவாக்கிய 'ஃப்ளாஷ் எலிமென்ட் டிடி', மார்ச்சில் பால் பிரீஸ் உருவாக்கிய 'டெஸ்க்டாப் டவர் டிஃபென்ஸ்' ஆகிய இரண்டும் இணைய உலாவியிலேயே ஆடக்கூடியவை. வார்கிராஃப்ட் களங்களிலிருந்து பிறந்த எண்ணங்கள்தான் இவை. அதே ஆண்டில் நியூசிலாந்தின் நிஞ்ஜா கிவி நிறுவனம், குரங்குகள் பலூன்களை உடைக்கும் 'ப்ளூன்ஸ் டவர் டிஃபென்ஸ்' விளையாட்டை வெளியிட்டது.

டெஸ்க்டாப் டவர் டிஃபென்ஸில் எதிரிக்கென்று போட்டுவைத்த பாதை இல்லை. கட்டும் கோபுரங்களே சுவராகி, பாதையை வளைக்கும். ஆனால் வழியை முழுவதும் அடைத்துவிட முடியாது. நிரல் எழுதுபவருக்கு இங்கேதான் வேலை. ஒவ்வொரு கோபுரம் எழும்போதும் எல்லா எதிரிகளுக்கும் புது வழி கண்டுபிடிக்க வேண்டுமே! இதற்கு ஓர் எளிய உத்தி உண்டு. வாசலிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு கட்டமும் எத்தனை அடி தூரம் என்று ஒருமுறை கணக்கிட்டால் போதும். எதிரி நூறு பேர் இருந்தாலும், பக்கத்தில் குறைந்த எண் உள்ள கட்டத்துக்கு நகர்ந்தால் வாசலை அடைந்துவிடலாம். எண்ணே கிடைக்காத கட்டத்தில் ஓர் எதிரி நின்றால் வழி அடைபட்டுவிட்டது என்று பொருள்.

செல்பேசிக்கு வந்தபோது

2008 ஜூலையில் ஆப்பிள் தன் ஆப் ஸ்டோரைத் திறந்தது. ஐபோனில் ஃப்ளாஷ் ஓடாது என்பதால், உலாவியில் புகழ்பெற்ற விளையாட்டுகளை அப்படியே அங்கே கொண்டுபோக முடியவில்லை. அந்த அக்டோபரில் சப்அட்டாமிக் ஸ்டூடியோஸ் 'ஃபீல்ட்ரன்னர்ஸ்' விளையாட்டை ஐபோனுக்காகவே செய்து வெளியிட்டது. அன்றைய ஐபோனின் திரை 3.5 அங்குலம்தான். சுட்டி எலி கிடையாது. விரல் வைத்தால் விரலே இடத்தை மறைத்துவிடும். எனவே கட்டங்கள் பெரிதாகவும் பொத்தான்கள் குறைவாகவும் இருக்க வேண்டியதாயிற்று.

இந்த எளிமையை இன்னும் தூரம் கொண்டுபோனது பாப்கேப் நிறுவனத்தின் 'பிளான்ட்ஸ் வெர்சஸ் ஸாம்பீஸ்'. ஜார்ஜ் ஃபேன் வடிவமைத்த இது 2009 மே மாதம் கணினிக்கும், 2010 பிப்ரவரியில் ஐபோனுக்கும் வந்தது. சுற்றுப்பாதை எதுவும் இல்லை. வழக்கமான களம் 5 வரிசை, 9 கட்டம் கொண்ட புல்வெளி. ஐபோனில் முதல் ஒன்பது நாட்களில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றன.

2012-ல் விளையாட்டு வடிவமைப்பாளர்கள் கூடும் மாநாட்டில் ஃபேன், தன் தாயாரும் ஆடி முடிக்கும்படி அதை எப்படி அமைத்தார் என்று விளக்கினார். ஆட்டத்தில் வரவு தருவது சூரியகாந்திச் செடி. முதலில் அதன் விலை 100. புதியவர்கள் அதைப் போதுமான அளவு நடாமல் திண்டாடினார்கள். விலையை 50 ஆக்கியதும் அதை முதலில் நட வேண்டும் என்பது தானாகவே விளங்கியது. ஆனால் அந்த ஓர் எண்ணை மாற்றியதால் மொத்த விளையாட்டின் கணக்கையும் மறுபடி சரிசெய்ய வேண்டி வந்தது.

2011-ல் உருகுவே நாட்டின் அயர்ன்ஹைட் நிறுவனம் வெளியிட்ட 'கிங்டம் ரஷ்' வேறு வழியில் போனது. கோபுரம் கட்டும் இடங்களை அதுவே குறித்துக் கொடுத்தது. எங்கே கட்டலாம் என்ற குழப்பம் தீர்ந்து, எதைக் கட்டலாம் என்பதே கேள்வியாயிற்று.

பெயரும் பணமும்

இதற்கிடையே ஒரு வேடிக்கை நடந்தது. 2008-ல் காம்டூஸ் என்ற கொரிய நிறுவனம் 'டவர் டிஃபென்ஸ்' என்ற பெயரையே அமெரிக்காவில் வணிகச் சின்னமாகப் பதிவு செய்துகொண்டது. 2010-ல் ஆப் ஸ்டோரில் அந்தப் பெயரை வைத்திருந்த சிலருக்குப் பெயரை மாற்றச் சொல்லி அறிவிப்பு வந்தது. பலர் கூடி இலவசமாக வளர்த்த ஒன்றின் பெயர் ஒருவர் வீட்டுச் சொத்தாகிவிட்டது!

அதைவிடப் பெரிய மாற்றம் பணத்தால் வந்தது. 2011-ல் பாப்கேப்பை எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வாங்கியது. 2013-ல் 'பிளான்ட்ஸ் வெர்சஸ் ஸாம்பீஸ் 2' இலவசமாக வந்தது. ஆனால் முதல் விளையாட்டில் ஆடியே பெற்ற பனிப்பட்டாணிச் செடி, இதில் உண்மைப் பணத்துக்கு விற்கப்பட்டது. பணம் கொடுக்காமலும் ஆட்டத்தை முடிக்கலாம் என்பதும், இலவசம் என்பதால் எத்தனையோ பேர் ஆடினார்கள் என்பதும் உண்மைதான். ஆனாலும் ஒரு கட்டத்தில் தோற்றவருக்கு ஒரு சந்தேகம் வருகிறது. சரியாக யோசிக்காததால் தோற்றோமா, வாங்காததால் தோற்றோமா? இந்தச் சந்தேகம் வந்துவிட்டால் கணக்கின் மீதுள்ள நம்பிக்கை போய்விடும்.

2018-ல் வந்த 'ப்ளூன்ஸ் டிடி 6' விலை கொடுத்து வாங்கும் விளையாட்டாக வந்தது, அதற்குள்ளும் கடை இருந்தது. 2020 டிசம்பர் 31-ல் ஃப்ளாஷுக்கான ஆதரவை அடோபி நிறுத்தியது. அதற்குப் பின் 2007-ன் ஃப்ளாஷ் விளையாட்டுகள் உலாவியில் முன்போல் ஓடுவதில்லை. அவற்றின் வழிவந்தவை செல்பேசியில் நிலைத்துவிட்டன.

புதிதாக ஒரு டவர் டிஃபென்ஸ் செய்ய நினைப்பவருக்கு இந்த வரலாற்றில் ஒரு பாடம் உண்டு. படமும் ஒலியும் பிறகு வரட்டும். முதலில் ஒரு தாளில் விலையையும் வரவையும் எதிரியின் பலத்தையும் எழுதிப் பார்க்க வேண்டும். கையில் காசு இல்லாத ஒரு சிறுவன் யோசித்து மட்டுமே ஆடினால் அந்தக் கணக்கில் ஜெயிக்க முடியுமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.