சூடத்தின் முன் சொன்ன சொல்

'பேகன்' என்னும் சொல்லின் மூலமான இலத்தீன் சொல் முதலில் நாட்டுப்புறத்தானையே குறித்தது. நகரங்களில் கிறித்துவம் பரவிய பின்னர், பழைய தெய்வங்களை விடாதவரைச் சுட்டும் இழிசொல்லாக அது மாறியது. நாம் 'சிறுதெய்வம்' என்று கூறும்போதும் ஏறத்தாழ அதே வேலையைத்தான் செய்கிறோம்.

இருபதாம் நூற்றாண்டில் அவ்விழிசொல்லை விரும்பி ஏற்றவர் சிலர் மேலைநாட்டில் தோன்றினர். அவர்களுள் முதன்மையானவரான ஜெரால்டு கார்ட்னர் நம் மண்ணை மிதித்தவர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் பணியாற்றிய அவர், 1911இல் மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்கு வந்தார். பின்னர்ச் சுங்க அதிகாரியாகி, 1936இல் இங்கிலாந்து திரும்பினார். அங்கே 1951இல் சூனியத் தடைச் சட்டம் நீக்கப்பட்டதும் 'விக்கா' என்னும் புதிய நெறியை வெளிப்படையாகப் பரப்பினார். எவருக்கும் தீங்கு நேராதவரை ஒருவர் தம் விருப்பப்படி நடக்கலாம் என்பது அந்நெறியினர் ஒழுக்கத்தின் சாரம். திருநூலும் தலைமைப் பீடமும் இல்லாத வழிபாட்டில் மனிதனைப் பொறுப்புக்கு உட்படுத்துவது எது என்ற வினாவுக்கு அவர்கள் கண்ட விடை அது. துரைமார் காலத்துத் தோட்டத் தமிழரிடம் அதே வினாவுக்கு வேறொரு விடை இருந்தது.

பெண்டாங்கில் நிற்பவர்க்கு முதலில் தெரிவது நெல்வயல். தெற்கே பீடோங், சுங்கை பட்டாணி நோக்கிச் செல்லச் செல்ல இரப்பரும் செம்பனையும் சூழ்ந்துகொள்ளும். 1909ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் கெடா சயாமின் மேலாண்மையிலிருந்து பிரிட்டிஷார் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டுகளில் ஒப்பந்தக்கூலி முறை முடிவுக்கு வர, கங்காணி முறை ஓங்கியது. கங்காணி தன் ஊராரையும் உறவினரையும் திரட்டி வந்தார். அவர்களோடு ஊர்த் தெய்வங்களும் வந்தன. லயங்களின் நடுவே மாரியம்மன், தோட்டத்தின் எல்லையில் மரத்தடிச் சூலமாக முனியாண்டி.

லயத்தில் ஒரு பொருள் காணாமற்போய், ஐயம் ஒருவர்மீது விழுந்ததென்று கொள்வோம். அலுவலகத்துக்குப் போனால் கிராணி, துரை, வேலையிழப்பு. முனியாண்டியிடம் போனால் சூடம். எரியும் சூடத்தைக் கையால் அடித்து அணைத்து, "நான் எடுக்கவில்லை" என்று சொல்லிவிட்டால் வழக்கு அங்கேயே முடிந்துவிடும். வேறு சாட்சி வேண்டுவதில்லை. பொய்யாயின் அதன் விளைவைச் சொன்னவரே சுமக்கவேண்டும். இதை வெறும் அச்சம் என ஒதுக்குவோர் உண்டு. அச்சம் இருந்தது மெய்யே. ஆயினும், பிற இடங்களிலெல்லாம் கேள்வி முறையின்றித் தண்டனை பெறத்தக்க ஒரு கூலியின் சொல் அந்த மரத்தடியில் மட்டும் இறுதிச் சான்றாக மதிக்கப்பட்டது என்பதையும் வரலாறு எழுதுவோர் மறக்கலாகாது.

இம்முறையில் குறையும் இருந்தது. விளைவு குடும்பத்தையும் தொடரும் என்றே நம்பினர். பின்னாளில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் தந்தையின் பழைய சத்தியம் பேச்சுக்கு வரும். சொல்லாத சொல்லுக்குக் குழந்தை பொறுப்பாவது எந்த அறத்தில் சேரும்?

நேர்த்திக்கடனிலும் இச்சிக்கல் உண்டு. 'கடன்' என்பது தமிழில் திருப்பித் தரவேண்டியதையும் செய்தே தீரவேண்டிய கடமையையும் ஒருங்கே குறிக்கும். 'நேர்தல்' என்பதற்கு உடன்படுதல் என்றும் பொருளுண்டு. தாமே உடன்பட்டுத் தாமே பெற்ற கடன்; எவரும் கட்டாயப்படுத்தவில்லை. தீ மிதித்தாலும் காவடி எடுத்தாலும் அதைத் தம் உடம்பாலேயே தீர்க்கிறார். ஆனால் சேவலோ ஆடோ நேர்ந்துகொண்டால், கடன் ஒருவருடையது, உயிர் மற்றொன்றினுடையது. தமிழகத்தில் 1950இல் உயிர்ப்பலித் தடைச் சட்டம் இயற்றப்பட்டு, நெடுங்காலம் ஏட்டளவில் கிடந்து, 2003இல் திடீரெனக் கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தபோது எதிர்ப்பு எழுந்தது; மறு ஆண்டே அது நீக்கப்பட்டது. நம் நாட்டிலும் சீர்திருத்தவாதிகள் பலியை நெடுங்காலமாக எதிர்த்து வந்துள்ளனர். அவர்களுடைய வாதத்தில் எனக்கு உடன்பாடு உண்டு. 'காட்டுமிராண்டித்தனம்' என்ற சொல்லில் இல்லை. இறைச்சிக்கடையில் வாங்குபவர் அவ்வுயிருக்குத் தாம் கடன்பட்டவர் என்று எண்ணுவதேயில்லையே!

கள்ளின் கதை இன்னும் கூர்மையானது. முனியாண்டிக்குச் சுருட்டும் கள்ளும் படைப்பது வழக்கம். அந்தக் கள்ளோ தோட்டக் கள்ளுக்கடையிலிருந்தே வந்தது. தோட்டம் கொடுத்த கூலியின் ஒரு பகுதி அக்கடை வழியே திரும்பிப் போயிற்று. போர் முடிந்தபின் பீடோங் அருகே ஹார்வார்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. குடிப்பவன் தன் குடும்பத்துக்குச் செய்யும் தீங்கை அவனுக்கு உணர்த்துவதில் அது தொடங்கியது. அதனோடு நின்றிருந்தால் நிர்வாகத்துக்கு அதனால் இடரில்லை. ஆனால் படையினர் கள்ளுக்கடைகளின் முன் மறியலும் செய்தனர். பொறுப்பு விற்பவரையும் சாரும் என்றனர். 1947இன் தொடக்கத்தில் காவல்துறை அவர்களை ஒடுக்கியது. குடியானவனின் ஒழுக்கக் குறையைப் பற்றி அதுவரை ஓயாது குறைகூறியவர்களே, அவன் அதைத் திருத்திக்கொள்ளப் புறப்பட்டபோது தடுத்தார்கள். ஒருவனைத் தன்பொறுப்புக்கு அழைப்பவர்கள், அவன் அதே அளவுகோலைத் தங்கள்மீதும் வைப்பான் என்று எதிர்பார்ப்பதில்லை போலும்.

தோட்டங்கள் விற்கப்பட்டு, துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டபின் முனியாண்டி பலவிடங்களில் தனித்து நிற்கிறார். சூடம் அடிக்க இருவர் வேண்டும். சுற்றி நின்று கேட்க ஊர் வேண்டும். அந்த ஊர் இன்று நகரத்து அடுக்ககங்களில் சிதறிக் கிடக்கிறது. ஆண்டுக்கொருமுறை வந்து பொங்கலிடும் பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தா எதற்காக நேர்ந்துகொண்டார் என்பது பெரும்பாலும் தெரியாது. இருந்தும் வருகிறார்கள். கோயில் வரலாறு எழுதும் மாணவர்கள் கட்டிய ஆண்டையும் குடமுழுக்கு நாளையும் தவறாமல் குறித்துக்கொள்கின்றனர். அந்த மரத்தடியில் யார், யாரிடம், எந்தச் சொல்லைச் சொன்னார் என்பதையும் எழுபது வயது கடந்தவர்களிடம் இப்போதே கேட்டு எழுதிவைக்க வேண்டும்.