மாத்தளைத் தேவாலயங்கள்: கட்டடமும் வரலாறும்

யட்டவத்த என்ற பெயரைக் கேட்டதும் தேவாலயங்கள் எவருக்கும் நினைவுக்கு வருவதில்லை. மாத்தளை நகருக்கு வடமேற்கே மிளகும் கொக்கோவும் றப்பரும் வளரும் அந்தச் சிற்றூர்ப் பக்கத்தை விகாரைகளும் மாரியம்மன் கோயில்களும் உள்ள பகுதியாகவே நாம் அறிவோம். ஆயினும் யட்டவத்தைக்கு வடக்கே, அதே மாத்தளை மாவட்டத்தில் கலேவெலப் பக்கமாக வஹாகோட்டை என்றொரு கிராமம் உண்டு. அங்குள்ள புனித அந்தோனியார் கோவிலை அறியாத கத்தோலிக்கர் மலைநாட்டில் அரிது. இந்த ஒரே மாவட்டத்தில் கிறிஸ்தவ ஆலயங்கள் எவ்வாறு எழுந்தன, யாருக்காக எழுந்தன என்று நோக்கினால் ஒரு விசித்திரம் புலப்படும். மிகப் பழைய சபையினரிடம் பழைய கட்டடம் கிடையாது. பழைய கட்டடம் உள்ள இடத்திலோ சபை பிந்தியது.

வஹாகோட்டையிலிருந்து தொடங்குவோம். கண்டி மன்னரிடம் சிறைப்பட்ட போர்த்துக்கேயப் போர்வீரரின் வழித்தோன்றல்களே இக்கிராமத்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. கண்டி இராச்சியத்தில் போர்த்துக்கேயர் குடியிருந்தமைக்கு வேறு சான்றும் உண்டு. 1660 முதல் 1679 வரை அங்கே சிறையிருந்த ஆங்கிலேயர் றொபர்ட் நொக்ஸ், தாம் கண்ட போர்த்துக்கேயரைப் பற்றியும் அவர்களிடையே வாழ்ந்த ஒரு யேசு சபைக் குருவைப் பற்றியும் எழுதிவைத்துள்ளார். கரையோரத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் 1658இலேயே கத்தோலிக்கக் குருமாருக்கு இடங்கொடுப்பதைத் தடைசெய்தனர். ஐரோப்பியர் ஆண்ட இடத்தில் ஒடுக்கப்பட்ட மதத்துக்கு பௌத்த மன்னரின் நாடு புகலிடமாகியது. வரலாற்றில் இப்படியும் நடப்பதுண்டு.

புகலிடம் கிடைத்தது; கட்டடம் கிடைத்ததா? இங்கேதான் நொக்ஸ் தரும் இன்னொரு செய்தி நமக்கு உதவுகிறது. கண்டி நாட்டில் சாதாரண குடிகள் மேல்மாடி கட்டக்கூடாது, ஓடு வேயக்கூடாது, சுவருக்குச் சுண்ணாம்பு பூசக்கூடாது என்கிறார் அவர். ஓடும் சுண்ணாம்பும் அரசனின் தயவுக்கு உரியவை. எனவே அக்காலக் கோவிலை மண் சுவரும் வைக்கோல் கூரையுமாகவே நாம் கற்பனை செய்யவேண்டும். 1687இல் இலங்கைக்கு வந்து, 1692இல் கண்டியில் ஒற்றர் என்று பிடிபட்ட யோசே வாஸ் அடிகள் காவலில் இருந்தபடியே அமைத்த முதல் ஆலயமும் ஒரு குடிசைதான். இத்தகைய கட்டடம் மழையையும் கறையானையும் எத்தனை ஆண்டுகள் தாங்கும்? இன்று கட்டடக்கலை ஆய்வாளர் தேடிப்போனால் அளந்தெடுக்க ஒரு சுவர்கூட அகப்படாது.

1740களில் ஸ்ரீ விஜய இராஜசிங்க மன்னன் காலத்தில் கத்தோலிக்கர்மீது இருந்த அரச தயவும் போயிற்று. குருமார் வெளியேற்றப்பட்டனர், கோவில்கள் அழிக்கப்பட்டன. பின்னர் நெடுங்காலம் வஹாகோட்டையார் குருவில்லாமலே வாழ்ந்தார்கள். அவர்களைக் காத்தவை அந்தோனியார் சுரூபமும் மனனம் செய்த செபங்களும் என்பர்.

இலக்கிய அன்பர்கள் இந்த இடத்தில் ஒரு பெயரை நினைவுகூர வேண்டும். கோவாவிலிருந்து 1705இல் வந்த ஜாக்கோமே கொன்சால்வஸ் அடிகள், தமிழர் சாங்கோபாங்கர் என்று அழைத்தவர், அந்தக் காலத்திலேதான் சிங்களத்திலும் தமிழிலும் எழுதிக் குவித்தார். அவருடைய சிங்களப் ‘பசன்’ நூலும் தமிழ் ‘வியாகுல பிரசங்க’மும் தவக்காலங்களில் ஓதப்பட்டு வந்தவை. அவர் 1742இல் மறைந்தார். கட்டடம் எழுப்ப முடியாத காலத்தில் எழுப்பிய கோவில்கள் என்றே அந்தச் சுவடிகளைச் சொல்லத் தோன்றுகிறது. தீவைக்க முடியாதவை அல்ல அவை; ஆனால் ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்குப் போய்விட்டால் எந்தத் தீயும் தீண்டாது.

1815இல் கண்டி வீழ்ந்தது. அதன்பின் காட்சி அடியோடு மாறுகிறது. கோப்பித் தோட்டங்கள் மலைகளை விழுங்கின. துரைமார் தம் ஊர்க் கோவிலை அப்படியே இங்கு கொண்டுவந்தனர். மாத்தளை நகரின் அங்கிலிக்கன் கிறிஸ்து ஆலயம் அந்தக் கோப்பிக் காலத்தின் பிள்ளை. அந்த மரபின் முழு உருவைக் காண விரும்புவோர் டிக்கோயாவில் 1878இல் எழுந்த வோர்லி ஆலயத்தைப் பார்க்கலாம். கருங்கற் சுவர், கூர்நுனி வளைவுச் சாளரங்கள், வண்ணக் கண்ணாடி, சரிவான கூரை, சுற்றிலும் துரைமாரின் கல்லறைகள். சரிந்த கூரை பனி வழுக்கி விழுவதற்காகக் குளிர்நாட்டார் கண்ட உபாயம். பனி விழாத நம் மலைகளில் அது மழைக்கு உதவியது. 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்துகொண்டிருந்த வேளையில் இந்தக் கல் ஆலயம் கட்டப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. போகப்போகும் மனிதரின் கட்டடம் போல் அது இல்லை.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. 1848 மாத்தளைக் கிளர்ச்சியின் வீரனாகப் போற்றப்பட்டு, அவ்வாண்டு ஓகஸ்ட் 8ஆம் நாள் சுட்டுக்கொல்லப்பட்ட புரன் அப்புவின் இயற்பெயர் பிரான்சிஸ்கோ பெர்னாண்டோ. மொறட்டுவைக்காரர். ஆங்கிலேயரின் மதத்தவர், உள்ளூரவரின் மதத்தவர் என்று வரலாற்றை இரண்டாகப் பிரிப்போர் இந்தப் பெயரில் கொஞ்சம் தடுக்கி நிற்கவேண்டும்.

அந்தக் கோப்பிமலைகளுக்கு மூன்றாவது கூட்டமொன்று நடந்தே வந்தது. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளையைத் தாண்டி மாத்தளைக்கு வந்த நம் தோட்டத் தமிழர். அவர்களிடையே கிறிஸ்தவரும் இருந்தனர். 1850களின் நடுப்பகுதியில் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் அவர்களுக்காகத் திருநெல்வேலியிலிருந்து உபதேசிமாரை வரவழைத்தது. அந்தத் திருநெல்வேலிச் சீமையில் மெஞ்ஞானபுரம் ஆலயக் கோபுரம் ஏறத்தாழ 190 அடி உயர்ந்து நிற்கிறது. அத்தகைய மண்ணிலிருந்து வந்தவர்களுக்குத் தோட்டத்தில் கிடைத்ததோ தகரக் கூரையின்கீழ் ஓர் அறை. பல தோட்டங்களில் கிழமைநாளில் அது பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை கோவில். நிலம் தோட்டத்துக்குச் சொந்தம். லயக் காம்பிராவுக்குச் சுவர் எழுப்பியவர்களால் கோவிலுக்கு ஒரு கல் நாட்ட உரிமையில்லை. கண்டி மன்னர் காலத்து ஓடு, சுண்ணாம்புத் தடையையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கண்டிய மரபில் தேவாலயம் அமைக்க முடியாதா என்றால், முடியும். கண்டி திரித்துவக் கல்லூரிச் சிற்றாலயம் அதற்குச் சான்று. 1935இல் அபிஷேகம் செய்யப்பட்ட அது செதுக்கிய கற்றூண்களும் சுவரற்ற திறந்த பக்கங்களும் கொண்ட பழைய அரசவை மண்டபம் போன்றது. உள்ளே டேவிட் பெயின்டர் தீட்டிய சுவரோவியங்கள். சிலுவையில் தாடியில்லாத, மாநிறமான ஓர் இயேசு. அழகிய படைப்பு, ஐயமில்லை. ஆனால் உள்நாட்டுக் கலையைக் கோவிலுக்குள் கொண்டுவரும் துணிவு, கல்லும் பணமும் அதிகாரமும் கைவசம் உள்ள கல்லூரிக்கே வாய்த்தது என்பதையும் சொல்லவேண்டும்.

தகரக் கோவில்களுக்கு நேர்ந்தது வேறு. 1948இல் குடியுரிமை பறிபோயிற்று. 1964 ஒப்பந்தத்தின்படி ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியா ஏற்பதென முடிவாகியது. 1977, 1983 வன்செயல்கள் மலையகத்திலிருந்து மேலும் பலரை விரட்டின. சபையோர் தலைமன்னாருக்கு ரயிலேறிப் போனபின் தகரக் கூரையைத் தாங்க யார் இருப்பர்? கல் ஆலயத்துக்கு ஆள் இல்லாவிட்டாலும் அது நிற்கும். தகரக் கோவில் அப்படியல்ல.

எனினும் எழுத்து இருக்கிறது. ஞானஸ்நானப் பதிவேடுகளில் பிள்ளையின் பெயர், பெற்றோர், நாள், இடம் யாவும் ஒரு வரியில் அடங்கிவிடும். 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம் 1946க்கு முன் ஏழு அல்லது பத்து ஆண்டுகள் இடையறாது இங்கு வசித்ததை நிரூபிக்கக் கேட்டது. எழுத்தறியாத ஒரு தொழிலாளியின் குடும்பம் இன்ன ஆண்டில் இன்ன தோட்டத்தில் இருந்தது என்று சொல்லக்கூடிய தாள்கள் வேறெவை? கட்டடக்கலை பற்றி எழுதுவோர் கோபுரத்தையும் சாளரத்தையும் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஆலயத்தின் பக்க அறையில் இருக்கும் அலுமாரியைத் திறந்து பார்க்கும்படி அவர்களைக் கேட்டுக்கொள்ளலாம். மாத்தளையின் ஈரக்காற்றில் தாள் கல்லைவிட விரைவில் போய்விடும்.